இடுக்கித் தடம்



கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், நம்மை மண்பாண்டங்கள் என்கிறார் புனித பவுல். உள்ளே இருப்பது பெருஞ்செல்வம். கலமோ வெறும் மண். ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள ராகு அருங்காட்சியகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோஜிரோவும் அவர் வழிவந்தவர்களும் செய்த தேநீர்க் கிண்ணங்கள் அங்கே இருக்கின்றன.

கறுப்புக் கிண்ணங்களைப் பாருங்கள். சக்கரத்தில் வனையாமல் கையால் பிடித்தவை. விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். மேலே, காமோ ஆற்றுக் கல்லை அரைத்த பூச்சு. சூளையில் செக்கச்செவேலென்று இருக்கும்போதே கிண்ணத்தை இடுக்கியால் பற்றி வெளியே இழுப்பார்கள். சட்டென்று ஆறும்போது பூச்சு கறுத்துவிடும். இடுக்கி பிடித்த தடம் பல கிண்ணங்களில் அப்படியே நிற்கிறது. அதை யாரும் தேய்த்து மறைப்பதில்லை. நெருப்பிலிருந்து எடுத்த கை ஒன்று உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

சோஜிரோவை இப்படிச் செய்யவைத்தவர் தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூ. அவருடைய சீடர்களில் ஒருவர் தக்காயாமா உக்கோன், கிறிஸ்தவச் சிற்றரசர். சிறிய தேநீர்க் குடிலில் தனித்திருந்து செபிப்பது அவர் வழக்கம். 1587இல், பொன்னால் தேநீர் அறை அமைத்திருந்த ஆட்சியாளர் ஹிதேயோஷி, விசுவாசத்தைக் கைவிடும்படி அவருக்குக் கட்டளையிட்டார். உக்கோன் ஆட்சியை விட்டார், ஆண்டவரை விடவில்லை. 1614இல் நாடுகடத்தப்பட்டு, மறு ஆண்டே மணிலாவில் இறந்தார். 2017இல் திருஅவை அவரை அருளாளராக அறிவித்தது. எல்லாம் பறிபோன பிறகும் உள்ளிருந்த செல்வம் குறையவில்லை.

"வீட்டு நிலைமை சரியில்லை சாமி, சரியானதும் கோயிலுக்கு வர்றோம்" என்று சிலர் சொல்கிறார்கள். கடன், குடி, பிரிந்துபோன பிள்ளை... தடங்களை மறைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆண்டவர் பளபளப்பைக் கேட்கவில்லை. தமக்கு உள்ளே இடம் கேட்கிறார். அவர்களை அப்படி நினைக்க வைத்ததில் நம் பார்வைக்கும் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு.

எனவே, கூச்சத்தால் ஒதுங்கியிருக்கும் ஒரு குடும்பத்தையாவது இந்த வாரம் போய்ப் பாருங்கள். ஒன்றும் விசாரிக்காமல், அடுத்த ஞாயிறு திருப்பலிக்குக் கையோடு அழைத்து வாருங்கள். ஆமென்.