விலைகொடுத்து வாங்கும் அச்சம்

அச்சத்தை அகற்றுவோம் என்று மேடைதோறும் பேசுகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். அச்சம் மடமையின் தாய், அடிமைத்தனத்தின் செவிலி என்றெல்லாம் கூறுகிறோம். அப்படியிருக்க, அதே அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கிவர ஒருவன் கிளம்புகிறான் என்றால், அவனைப்பற்றி நாம் என்ன கருதுவது?

கிளம்பத்தான் செய்கிறார்கள். தருமபுரி மாவட்டத்து இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவன். ஏழாம் நாள் விடியுமுன் பேருந்து ஏறுகிறான். ஓசூரைக் கடந்து, பெங்களூரைக் கடந்து, மைசூர்ச் சாலையில் பிடதி போய்ச் சேருகிறான். அங்கே 2005ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது வொண்டர்லா எனும் கேளிக்கைப் பூங்கா. அங்குள்ள ரோலர் கோஸ்டரில் ஏறுகிறான், தலைகீழாகச் சுழற்றப்படுகிறான், அலறுகிறான், இறங்குகிறான், இறங்கியவன் மீண்டும் வரிசையில் போய் நிற்கிறான்! இரவு வீடு திரும்புகிறான். உடன் நண்பரில்லை, உறவினரில்லை. தனியே போனான், தனியே வந்தான்.

"காசைக் கரியாக்கினான்" என்கிறார் ஊர்ப் பெரியவர். "அந்தக் காசுக்குத் திருப்பதி போயிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்" என்கிறார் பக்தர். "நாட்டில் எத்தனையோ வேலை கிடக்க, இப்படியும் ஒரு கூத்தா?" என்கிறார் நம் தோழர். மூவரும் மூன்று திசையினர். எனினும் தீர்ப்பு ஒன்று! எதிரெதிர் நிற்போர் ஒரே தீர்ப்பைக் கூறும்போது, பகுத்தறிவாளன் சற்று விழிப்பாக இருத்தல் நன்று. வழக்கை நாம் மறுபடி விசாரிப்போம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றுள் அச்சமும் ஒன்று, உவகையும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கண்ணுக்குப் புலப்படாத தெய்வமும் பேயும், காட்டு விலங்கு, பொருள் பறிப்போர், ஆளும் அரசன். உவகை பிறக்கும் இடமும் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. விளையாட்டைச் செல்வத்தோடு ஒரே வரிசையில் நிறுத்தினாரே, அதனை எண்ணிப் பாருங்கள்! விளையாடுவது வீண் என்று பழந்தமிழ் இலக்கணம் கூறவில்லை.

ரோலர் கோஸ்டரில் அமர்ந்தவனின் அச்சம் அந்த நான்கில் எந்த இனம்? அங்கே அணங்கில்லை, விலங்கில்லை, கள்வரில்லை, அரசனுமில்லை. ஆயினும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு மேலெழுந்து தொண்டையில் வந்து நிற்பதுபோலிருக்கிறது. உவகைக்கு உரிய விளையாட்டிலிருந்தே அச்சமும் பிறக்கிறது. ஐந்தாவதாக ஓர் ஊற்று!

அந்த ஊற்றின் இரகசியம் என்ன? ஒளிவு மறைவு ஏதுமில்லை, கணக்குத்தான். வண்டியைச் சங்கிலி முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு பல வண்டிகளுக்கு இயந்திரத்தின் துணை தேவையில்லை. உயரம் வேகமாகிறது, வேகம் மீண்டும் உயரமாகிறது. உராய்வைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி அடிவாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகம் கொள்ளும். அதில் அமர்ந்தவன் பருத்தவனா மெலிந்தவனா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. என்ன குலம், என்ன கோத்திரம் என்றும் கேட்பதில்லை. புவியீர்ப்பு எல்லோரையும் ஒரே விதமாய் இழுக்கிறது. மனு எழுதாத சட்டம் அது!

மேடேறும்போது கடகடவென்று ஓர் ஓசை எழும். இருப்புப்பாதை இற்றுவிழப் போகிறதோ என்று புதிதாய் ஏறியவன் நடுங்குவான். உண்மை என்ன? சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, பல்பல்லாய் அமைந்த தடுப்பில் விழுந்து விழுந்து ஏறும் கொக்கியின் ஓசையே அது. அவனை அஞ்சவைக்கும் ஓசையே அவனைக் காக்கும் ஓசை! 1919இல் ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் தண்டவாளத்தின் அடியிலும் சக்கரம் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி பாதையைவிட்டு மேலெழாதபடி அச்சக்கரம் பிடித்துக்கொள்கிறது. 1895இல் நியூயார்க்கின் கோனித் தீவில் வண்டியை முழுவட்டமாகச் சுழற்றிப் பார்த்தனர். ஏறியோர் கழுத்து நொந்தது. வட்டம் தவறு என்று கணக்கு காட்டியது. 1976இல் கலிபோர்னியாவில், கண்ணீர்த் துளியின் வடிவில், கழுத்தை வருத்தாத சுழற்சியை அமைத்தார் வெர்னர் ஸ்டெங்கல் என்ற செருமானியப் பொறியாளர். எண்பது ஆண்டுகளில் தவறு திருத்தப்பட்டது. பரிகாரம் செய்து திருத்தவில்லை. பாதையின் வளைவை மாற்றித் திருத்தினர்.

இங்கேதான், இளைஞர்களே, இந்த விளையாட்டு நமக்கோர் அரும்பாடம் புகட்டுகிறது. உடல் நடுங்குகிறது, ஆனால் ஆபத்து அருகில் இல்லை. அப்படியானால் நடுக்கம் எதற்குச் சான்று? நடுக்கம் நடுக்கத்துக்கு மட்டுமே சான்று! "சுடுகாட்டு வழியே வரும்போது மயிர்க்கூச்செறிகிறதே, அங்கே ஏதோ இருக்கத்தானே வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. "அந்தச் சந்நிதியில் நின்றால் நெஞ்சு நடுங்குகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று மடக்குபவர் உண்டு. கிரகணத்தின்போது வெளியே வர நடுங்குகிறார்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாவிடில் என்ன ஆகுமோ என்று நடுங்குகிறார்கள். நடுக்கத்தையே ஆதாரமாக நம்முன் நீட்டுகிறார்கள். ரோலர் கோஸ்டர் அந்த ஆதாரத்தை இரண்டே நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிடுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்திலும் உடல் நடுங்கும் என்பதை, மறுக்கமுடியாதபடி, அவனவன் உடலைக்கொண்டே மெய்ப்பித்துவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் கூறவேண்டும். அஞ்சாமல் அமர்ந்திருப்பது ஆபத்தின்மைக்குச் சான்று ஆகாது. 2019 சூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசலாடும் இராட்டினம் முறிந்து விழுந்து இருவர் மாண்டனர். ஏறும்போது அவர்கள் சிரித்துக்கொண்டுதான் ஏறியிருப்பார்கள். ஆகவே நம்பிக்கை வேண்டும் என்று கூறுவதோடு நின்றுவிடக் கூடாது. சோதித்தாயா, யார் சோதித்தார், எப்போது சோதித்தார் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் கருத்து. தருமபுரி மாவட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் சுழல்வதும் ஒரு களிப்பு அச்சமே. மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசலைச் சுழற்றிக்காட்டும்போது கூச்சலிடாதார் யார்? ஆனால் காவிரியில் நீர்வரத்து பெருகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கிறது; ஓடும்போதும் மிதவைச் சட்டை அணியச் சொல்கிறது. அந்தத் தடை கோழைத்தனமா? இல்லை, அளந்து பார்த்து அஞ்சும் அறிவு.

"அப்படியானால், தீமிதிப்பவனும் துணிந்துதானே இறங்குகிறான்? அவனை மட்டும் ஏன் மறுக்கிறீர்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது, பாதம் படும் நேரமோ சிறிது. ஆகவே விரைந்து நடப்பவன் பெரும்பாலும் சுடப்படுவதில்லை. கடவுள் மறுப்பு முழக்கத்தோடு பகுத்தறிவாளர் பல ஊர்களில் தீமிதித்தும் காட்டியிருக்கின்றனர். ஆகவே வேறுபாடு நெருப்பில் இல்லை. எந்த அச்சத்தின் முன்னும் மூன்று கேள்விகளை நிறுத்துங்கள். வேண்டாம் என்று நான் விலகலாமா? இது எப்படி இயங்குகிறது என்று கேட்கலாமா? நான் அஞ்சிக்கொண்டே இருப்பதால் ஆதாயம் அடைபவர் யார்? ரோலர் கோஸ்டரின் படிவரை ஏறிவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்று திரும்புபவனை எந்தத் தெய்வமும் குத்தாது; எந்த ஊரும் ஒதுக்காது. எப்படி இயங்குகிறது என்று கேட்பவனுக்குப் பாடநூலிலேயே விடை இருக்கிறது. வண்டி நின்றதும் அச்சமும் நின்றுவிடுகிறது. வீடுவரை தொடர்ந்து வந்து காணிக்கை கேட்பதில்லை. நேர்த்திக்கடனின் அச்சமோ தலைமுறை தாண்டியும் வட்டி கேட்கிறது!

தனியே போனானே, அது ஏன் என்பது அடுத்த குற்றச்சாட்டு. நம் ஊர்களில் பயணம் என்றால் கூட்டம். கல்யாணத்துக்குக் கூட்டம், காதுகுத்துக்குக் கூட்டம், கருமாதிக்கும் கூட்டம். காரணம் காட்டாமல், துணை தேடாமல், "எனக்குப் பிடித்திருக்கிறது, போகிறேன்" என்று ஒருவன் கிளம்புவது நமக்குப் பழக்கமில்லை. தருமபுரியிலிருந்து பெங்களூர் செல்லும் அந்த நெடுஞ்சாலை எதற்குப் பழகிய சாலை? மழை பொய்த்த ஆண்டுகளில் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றிச்சென்ற சாலை அது. அந்தச் சாலையில், சட்டிப்பானையின்றி, மேஸ்திரியின் அழைப்பின்றி, தன் மகிழ்ச்சி ஒன்றையே முகவரியாகக் கொண்டு ஒருவன் போய்வருகிறான் என்றால், அதனைக் கூத்து என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. உழைக்கும் கருவியாக மட்டுமே மதிக்கப்பட்டவன், ஒரு நாள் தனக்குத் தானே விருந்தாளி ஆகிறான்.

இளைஞன் என்றோம். இளம்பெண் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள்! அவன் போனால் ஊதாரி, அவள் போனால்? அகராதியில் உள்ள வசைச்சொல் அத்தனையும் அவள்மீது பாயும். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட அதே தகடூரிலிருந்துதான், தொண்டைமானிடம் தூதாக ஔவை சென்றார் என்கிறது சங்க இலக்கியம். போரைத் தடுக்கும் பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்து அனுப்பிய மண்ணில், ஒரு பகல் பொழுது களித்துவரப் பெண்ணை அனுப்பத் தயங்குகிறோம். 2021 முதல் தமிழ்நாட்டு அரசின் நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பயணச்சீட்டின் விலை போயிற்று. பழிச்சொல்லின் விலை போகவில்லை. அதையும் நீக்கவேண்டியது நம் பணி.

இனி, தோழரின் கேள்வி. அதுதான் கனமானது. "அச்சத்தை விலைக்கு வாங்காமலே அனுபவிக்கும் மக்கள் இதே மாவட்டத்தில் இல்லையா?" இருக்கிறார்கள். அரூர்ப் பகுதியின் வாச்சாத்தி மலைவாழ் மக்கள், 1992 சூன் மாதம், தம்மைக் காக்கவேண்டிய அரசின் சீருடையைக் கண்டே நடுங்கினர். வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் சேர்ந்து இழைத்த கொடுமை அது. அதற்கு நீதி வர 2011 ஆயிற்று. அத்தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 ஆயிற்று. தம் இறையால் வரும் அச்சம் என்ற தொல்காப்பியரின் சொல்லுக்கு இதனினும் கொடிய உரை எழுத ஒருவராலும் ஆகாது. 2012 நவம்பர் 7ஆம் நாள், சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து, நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் ஒடுக்கப்பட்ட மக்களின் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த இரவின் அச்சத்துக்குக் கைப்பிடி இல்லை. நிறுத்தும் விசை இல்லை. "வேண்டாம்" என்று இறங்கிவிடும் படி இல்லை.

இதையெல்லாம் மறந்துவிட்டு விளையாடு என்று நாம் கூறவில்லை. தலைகீழாகத் தொங்கிவந்தவன் சாதிக் கூட்டத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்பான் என்றும் உறுதி கூறவில்லை. வண்டியில் வீரனாக இருந்தவன் வீட்டுத் திண்ணையில் கோழையாகிவிடலாம். ஆனால் விளையாட்டு உரிமை சில்லறை உரிமை என்று எண்ணுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1960இல் வாஷிங்டன் அருகே கிளென் எக்கோ என்ற கேளிக்கைப் பூங்கா கறுப்பின மக்களுக்குக் கதவடைத்திருந்தது. மாணவர்கள் சென்றனர், குதிரை இராட்டினத்தில் ஏறி அமர்ந்தனர், ஐவர் கைதாயினர். மறுஆண்டு கதவு திறந்தது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலில், தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பூங்காவுக்குத் தன்னால் ஏன் போகமுடியாது என்று கேட்ட ஆறு வயது மகளுக்கு விடை கூற இயலாத தந்தையின் நெஞ்சத்தைத் திறந்துகாட்டினார். வாக்குரிமைக்கும் வாழ்வுரிமைக்கும் போராடிய அந்த மாவீரர், இராட்டினத்தில் ஏறும் உரிமையை அற்பம் என்று ஒதுக்கவில்லை. வைக்கத்தில் 1924இல் கேட்கப்பட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை. நடக்கும் உரிமையைக் கேட்டோம். களிக்கும் உரிமையையும் கேட்போம்.

நம் பூங்காக்களின் வாயிலில் சாதி கேட்பதில்லை. அங்கே நிற்கும் காவலன் வேறு: கட்டணம்! ஒரு நாள் நுழைவுச்சீட்டு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 2025-26இல் ஊரக வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மூன்று நாள் வெயிலில் மண் சுமந்தாலும் ஒருவர் உள்ளே நுழைய முடியாது. 1884இல் கோனித் தீவில் தாம்சன் என்பவர் அமைத்த முதல் சறுக்கு இரயிலுக்குக் கட்டணம் ஐந்தே சென்ட். உழைப்பாளியும் ஏறக்கூடிய விலை. உழைப்பாளியும் ஏறட்டும் என்ற எண்ணம் நமக்கு வேண்டும். நூலகமும் மருத்துவமனையும் பொதுவானதுபோல், களிக்கும் இடமும் பொதுவாகட்டும். தருமபுரிக் குழந்தை மாநில எல்லை தாண்டாமலே அலறிச் சிரிக்கட்டும்!

தோழர்களே! அச்சமே அறியாத மனிதனைப் படைக்க நாம் புறப்படவில்லை. அப்படியொருவன் இருந்தால் அவன் நெடுநாள் வாழமாட்டான். எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது, எந்த அச்சத்தோடு விளையாடுவது என்பதைத் தானே ஆராய்ந்து தேர்ந்துகொள்ளும் மனிதனே நாம் வேண்டுவது. திணிக்கப்பட்ட அச்சம் எதுவாயினும் அதனைத் தகர்ப்போம். தேர்ந்துகொண்ட அச்சத்தைக் கண்டால், சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். இரண்டையும் வேறு பிரித்தறிய ஓர் இளைஞனுக்கு ஒரு நாளும் ஓர் இருப்புப்பாதையும் உதவுமானால், அந்த நாள் வீண்நாள் அன்று.