கல்லில் பொறித்த காணிக்கை

மழை விடாத விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளோடு கொழும்பு நூதனசாலைக்குப் போயிருக்கிறீர்களா? 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தில் ஒரு கல் நிற்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகிலே கிடந்து அகப்பட்டது. (எத்தனை மழைவெள்ளம் அதன் கீழே ஓடிற்றோ!)

1409ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனைத் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குமாகப் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை வரிசையாகச் சொல்கிறது. பிறர் வணங்குவதை அவரவர் மொழியிலேயே கனம்பண்ணிய பண்பை எண்ணி நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் 1411க்குள் அதே செங் ஹேயின் படை இங்கிருந்த ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோயிற்று. பிறகு பேரரசர் அவரை விடுவித்தார் என்பது வேறு கதை. இதைச் சொன்னதும் மகன் கேட்டான்: "அப்ப, அந்தக் காணிக்கை பொய்யா அப்பா?"

பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த எண்ணெயில் விளக்கு எரிந்துதானே இருக்கும்? ஆயினும் பின்னால் போர்க்கப்பல்கள் நிற்க நீட்டிய கையை வணக்கம் என்பதா, வியாபாரம் என்பதா? நீங்கள் என்ன சொல்வீர்கள்? அலுவல் ஆகவேண்டியவர் வீட்டுக்கு மட்டும் நம் தட்டம் சற்றுப் பெரிதாகப் போவதில்லையா?

பஸ்ஸில் மகனுக்கு நான் பதில் சொல்லவில்லை. நத்தாருக்குப் பலகாரம் அனுப்பவேண்டிய வீடுகளின் பட்டியலை முதல்நாள்தான் எழுதி வைத்திருந்தோம். ஈரச் சட்டையை மாற்றுமுன் அதை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.