மணியோசையும் மரணமும்

"எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்பது சிந்தனையின் தொடக்கம். அதுவே தீர்ப்பாகிவிடுமா, தோழர்களே?

வியன்னா பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கு இரு பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். 1846இல் முதற்பிரிவில் தாய்மார் நூற்றுக்கு 11 பேர் மாண்டனர். இரண்டாவதில் மூவருக்கும் குறைவு. ஏன்? காற்றின் கேடு என்றனர் சிலர். சாவோர்க்குச் சடங்கு செய்ய மணியொலியோடு வரும் பாதிரியாரைக் கண்டு எழும் அச்சமே கொல்கிறது என்றனர் வேறு சிலர்.

நாம் கேட்டிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பு சான்றாகுமா? செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் சிரிக்கவில்லை. பாதிரியாரை மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார். சாவு குறையவில்லை. அக்கருத்து அத்தோடு வீழ்ந்தது.

1847 மே மாதத்தில், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தோரைக் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, சூலையில் ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்கியது! அப்போதும் பேராசிரியர் பலர் ஏற்க மறுத்தனர். (அவரும் தம் ஆய்வை நூலாக்க 1861வரை காலம் கடத்தினார் என்பது வேறு.) பட்டம் இருந்தது, பதவி இருந்தது, எண்ணிக்கையை எதிர்நோக்கும் நேர்மைதான் இல்லை.

என் தொழிலிலும் "இவன் மக்கு" என்று பத்தே நாளில் முடிவு கட்டுவோர் உண்டு. எதைக் கண்டீர், எத்தனைமுறை கண்டீர் என்று கேட்டால் சினம் பொங்குகிறது. கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா? முன்வரிசையில் அமர்த்திப் பார்த்தீரா?