எதிர்ப்பும் சான்றும்

‘புரொட்டெஸ்ட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லை ‘எதிர்த்தல்’ என்று மொழிபெயர்த்து நாம் பழகிவிட்டோம். அதன் பிறப்பை ஆராய்வோர்க்கு வியப்பே மிஞ்சும். இலத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்பது சாட்சியைக் குறிக்கும். ‘புரோ’ என்பது முன்னிலையில் எனப் பொருள்படும். பலரறியச் சான்று பகர்தல் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். குற்றஞ்சாட்டப்பெற்றவன் தன் குற்றமின்மையைப் ‘புரொட்டெஸ்ட்’ செய்கிறான் என்று ஆங்கிலத்தில் இன்றும் எழுதுகின்றனர். அவன் அதனை எதிர்க்கிறான் என்று யாரும் கொள்வதில்லை. 1529-இல் ஸ்பையர் நகரில் ஜெர்மானியச் சிற்றரசர் சிலரும் பதினான்கு நகரத்தாரும் அளித்த அறிக்கையிலிருந்தே ‘புராட்டஸ்டாண்டு’ என்னும் பெயர் தோன்றிற்று. நம் செவிகளில் அது நெடுங்காலம் பகைமையாகவே ஒலித்தது. அவர்களோ தம் மனச்சான்றை அறிக்கையிடுவதாகவே கருதினர்.

எதிர்ப்பு என்பது சான்று பகர்தலாயின், எதிர்ப்பவன் முதலில் எதையேனும் கண்டிருக்க வேண்டும். காணவியலாத தீமைக்கு யார் சாட்சி?

இக்கேள்வி கோடைக்கானலில் மெய்யாகவே எழுந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980-களில் இடம்பெயர்ந்து வந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் அறையின் வெப்பத்திலேயே ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. அதைச் சுவாசித்தவர் அறியமாட்டார். அருகில் நின்றவரும் அறியமாட்டார். 2001 மார்ச் மாதம், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கடையொன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊரார் கண்டனர். காணாதது அன்று கண்ணுக்குத் தெரிந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் கழகத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் தொழிலாளரோடு வீதிக்கு வந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டது, 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று.

ஆயினும் எல்லாச் சாட்சிக்கும் விலை ஒன்றன்று. வெளியூர் அன்பர் எழுப்பிய குரலுக்கு இழப்பேதுமில்லை. தொழிலாளியோ, தனக்குச் சோறிட்ட ஆலையைக் குறித்தே வாய்திறந்தான். ஆலை மூடியதும் வேலையும் போயிற்று. அதுவரை வாய்திறவாதிருந்தவனை நான் குறைகூறத் துணியேன். உலையில் அரிசி வேகவேண்டிய வீட்டில் மௌனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. (மறைசாட்சியரைப் பீடத்தில் ஏற்றும் நாம், அவர்தம் மனைவி மக்கள் மறுநாள் எதை உண்டனர் என்று கேட்பது அரிது.)

தொழிலாளர் தம் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றனர். நிறுவனம் அதனை மறுத்தது. மருத்துவச் சான்றும் உடலின் சான்றும் எதிரெதிரே நின்றன. பதினைந்து ஆண்டுகள் கடந்து, 2016 மார்ச் மாதத்தில், முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்குக் கருணைத்தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்பவில்லை. தொகை கைக்கு வந்தது. தாம் சொன்னது மெய்யென்று ஒருவர் வாயிலிருந்தேனும் கேட்க விரும்பியவர்க்கு அச்சொல் மட்டும் வரவில்லை.