பெயர் தேய்ந்து சொல்லாகி

குளியலறையில் கீசர் மாட்ட வேண்டியிருந்தது. பிளம்பர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒரு லெங்த், எல்போ நான்கு, டீ ஒன்று, யூனியன் ஒன்று. கடைக்காரர் சீட்டைப் பார்த்த பார்வையிலேயே உள்ளே இருந்த பையனுக்குக் குரல் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஜி.ஐ.ன்னா என்ன?"

"ஜி.ஐ.ன்னா ஜி.ஐ.தான் சார். சுடுதண்ணிக்கு பிளாஸ்டிக் போட்டா வளைஞ்சிரும். இது வளையாது, சீக்கிரம் துருவும் புடிக்காது."

அதற்கு மேல் ஒரு குழாயைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்? அந்த 'ஜி'க்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது தண்ணீர் வருவதற்குத் தேவையில்லாத தகவல்.

'கால்வனைஸ்டு அயர்ன்' என்பதன் முதலெழுத்துகள் அவை. லூயிஜி கால்வானி இத்தாலியின் போலோன்யா நகரத்து மருத்துவர். அறுத்து வைத்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துள்ளுவதைப் பார்த்தார். பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, உயிரின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்தில் இருந்த வோல்டா அதை மறுத்தார். மின்சாரம் தவளையில் இல்லை, இரண்டு வேறு உலோகங்கள் சேர்வதில் இருக்கிறது என்றார். அதை நிறுவப் போய்த்தான் 1800இல் உலகின் முதல் மின்கலத்தைச் செய்து காட்டினார். அதைப் பார்க்கக் கால்வானி இல்லை. நெப்போலியன் உருவாக்கிய புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பதவியையும் சம்பளத்தையும் இழந்து, 1798இல் இறந்துபோயிருந்தார்.

இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்கு சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் காப்புரிமை வாங்கினார். அதற்குக் கால்வானியின் பெயரைச் சூட்டினார். கால்வானி தன் வாழ்நாளில் ஒரு குழாயையும் துத்தநாகத்தில் முக்கியவரல்ல. சோர்ந்து கிடப்பவர்களை உசுப்பிவிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அந்தப் பொருளிலாவது தவளையின் கால் இன்னும் கொஞ்சம் துள்ளிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெயர் சொல்லாகிவிட்டால் ஆங்கிலம் அதன் முதலெழுத்தைச் சிறியதாக்கிவிடும். வோல்டாவின் பெயர் வோல்ட் ஆனபோது பெரிய எழுத்து போயிற்று. ஆனால் அளவைச் சுருக்கி ஒற்றை எழுத்தில் எழுதும்போது மட்டும் அது பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று விதி. ஆள் முழுதாக வந்தால் சிறியவர், ஓர் எழுத்தாகக் குறுகினால் பெரியவர். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அதனால் ஒரு மனிதர் எப்போது சொல்லானார் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேய்மானம் மட்டும் நமக்கும் உண்டு. நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயரின் நினைவாக ஒரு நகருக்குப் பெயர் வைத்தோம். தீபாவளிக்குத் துணியெடுக்க டி.நகர் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த 'டி'யை விரித்துப் பார்த்திருப்பார்கள்?

தேய்வதற்காவது முதலில் பெயர் கிடைக்க வேண்டும். நம் ஊர்ச் சுற்றுச்சுவர்களில் ஊதாவாகப் பூத்துக் கொட்டும் காகிதப்பூவுக்கு ஆங்கிலத்தில் போகன்வில்லா. பூகன்வில் ஒரு கப்பல் தலைவர். உலகைச் சுற்றிவந்த அவருடைய பயணத்தில் தாவரவியலாளர் கொமர்சன் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் சேகரித்த செடி அது. கொமர்சனின் உதவியாளாக ஓர் 'இளைஞன்' கூடவே சுமை தூக்கி, செடி பறித்து, காடு மேடெல்லாம் அலைந்தான். அது ழான் பாரே என்ற பெண். பெண்கள் கப்பலில் ஏறக்கூடாது என்பதால் ஆண் வேடம். உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர்தான். ஒரு செடிக்கு அவர் பெயரை வைக்கக் கொமர்சன் நினைத்தார், அது நிலைக்கவில்லை. 2012இல்தான் கத்தரிக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அந்தப் பெயர் வந்தது. தமிழ் இந்த வழக்கில் யார் பக்கமும் சேரவில்லை. இதழைத் தொட்டுப் பார்த்தது, காகிதம் போலிருந்தது, காகிதப்பூ என்று சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் அப்படித் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்துவிட முடியாது. குஷ்டம், பெருவியாதி என்ற சொற்கள் நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளின. அந்த இழிவைத் துடைக்க மருத்துவ உலகம் ஹான்சன் நோய் என்ற பெயரை முன்வைத்தது. நார்வேயின் பெர்கன் நகரத்து ஹான்சன், 1873இல் அந்த நோயின் கிருமியைக் கண்டவர். அது சாபமல்ல, பாவத்தின் சம்பளமல்ல, தொற்று என்று காட்டியவர். ஆனால் அந்தக் கிருமியால்தான் நோய் வருகிறது என்று நிரூபிக்க வேண்டுமே. 1879இல் தன் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில், இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த நோய்ப்பொருளைச் செலுத்தினார். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சம்மதித்திருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். வழக்கு நடந்தது. 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. கண்டுபிடிப்பும் உண்மை, அந்தக் கண்ணும் உண்மை. நோயாளியின் மானத்தைக் காக்க நாம் தேடிப் பிடித்த பெயர், ஒரு நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காதவருடையது.

இந்தத் தொல்லையே வேண்டாம், ஆட்களின் பெயரை அறிவியலிலிருந்து வெளியேற்றிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. லவாய்சியேவும் அவருடைய மூன்று நண்பர்களும் 1787இல் பாரிசில் வேதியியலுக்குப் புதிய பெயரிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதுவரை 'கிளாபர் உப்பு' என்றிருந்தது சோடாவின் சல்பேட் ஆயிற்று. பெயரைக் கேட்டதும் பொருளின் தன்மை தெரிய வேண்டும், கண்டவன் யார் என்பது முக்கியமில்லை. நேர்மையான கொள்கைதான். அதே கொள்கைப்படி அவர் ஒரு வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களில் அதற்குப் 'புளிப்பை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பினார். உப்பிலிருந்து எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளியும் இல்லை. தன்மையைச் சொல்ல வந்த பெயர், தவற்றைச் சொல்லிக்கொண்டு இன்றும் மருத்துவமனை சிலிண்டர்களின் மேல் இருக்கிறது. நம்மவர்கள் பிராணவாயு என்றதில் அந்தப் பிழை இல்லை.

லவாய்சியேவின் பெயர் அன்றாடச் சொல்லாகவில்லை. ஆனால் பெயர்கள் சொல்லாகப் போகும் இடத்தில் அவர் ஒருமுறை உட்கார்ந்திருந்தார்.

வியன்னாவிலிருந்து வந்த மெஸ்மர் என்ற மருத்துவர் அப்போது பாரிசையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். உடம்புகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத காந்தத் திரவம் ஒன்று ஓடுகிறது, அதைத் திருத்தினால் நோய் தீரும் என்றார். அவர் கை அசைத்தால் சீமாட்டிகள் மயங்கி விழுந்தார்கள். 1784இல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக்குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே, வானியலாளர் பெய்லி, மருத்துவர் கியோத்தன் ஆகியோர் அதில் இருந்தார்கள். பிராங்க்ளினுக்கு வயதாகியிருந்ததால் பரிசோதனைகள் சில பாஸியில் அவர் தங்கியிருந்த வீட்டிலேயே நடந்தன. மெஸ்மரின் சீடர் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் 'ஏற்றினார்'. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தான், அடுத்ததில் தலை சுற்றியது, நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அங்கிருந்து இருபத்து நான்கு அடி தள்ளி நின்றது.

திரவம் என்று ஒன்றில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு அறிக்கை எழுதியது. அறிவு வென்றது. தோற்ற மெஸ்மர் எண்பது வயது வரை வாழ்ந்து 1815இல் இறந்தார். அவர் பெயர் மயக்குவதற்கான வினைச்சொல்லாயிற்று. நம் ஊரிலும் மெஸ்மரிசம் என்ற சொல்லுக்கு மரியாதை குறைந்ததில்லை.

வென்றவர்களில் கியோத்தன் மென்மையான மனிதர். மரண தண்டனையே கூடாது என்பது அவர் எண்ணம். அன்றைய பிரான்சில் சாவிலும் சாதி இருந்தது. பிரபுவுக்கு வாள், சாமானியனுக்குத் தூக்கு, இன்னும் சிலருக்குச் சக்கரம். தண்டனை ஒழியாதென்றால் எல்லோருக்கும் ஒன்றாகவாவது, வலியில்லாமலாவது இருக்கட்டும் என்று 1789இல் தேசிய மன்றத்தில் பேசினார். அதற்கான தலைவெட்டும் இயந்திரத்தை வடிவமைத்தவர் அந்த்வான் லூயி என்ற இன்னொரு மருத்துவர். முதலில் சிலர் அதை லூயிசெத் என்றுதான் அழைத்தார்கள். ஆனால் நாக்குக்குக் கியோத்தனின் பெயர்தான் பிடித்துப்போயிற்று. 1792 ஏப்ரலில் கில்லட்டின் வேலை தொடங்கியது. பெய்லியை 1793 நவம்பரில் அதில் கிடத்தினார்கள், லவாய்சியேவை 1794 மே மாதத்தில். பாஸி தோட்டத்தில் கண்ணைக் கட்டிய பையனைச் சேர்ந்து ஆராய்ந்த சக உறுப்பினர்கள் அவர்கள். கியோத்தன் 1814இல் படுக்கையில் இறந்தார்.

நம் நாடாளுமன்றத்திலும் அந்தச் சொல் உண்டு. மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிட்டால், மீதமிருக்கும் துறைகளின் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் சபாநாயகர் வாக்கெடுப்புக்கு விடுவார். அதற்குப் பெயர் கில்லட்டின். பல லட்சம் கோடி ரூபாய் சில நிமிடங்களில் நிறைவேறும். வலி தெரியாது என்று டாக்டர் சொன்னது இங்கே முழுக்க உண்மை.

1793 நவம்பரில் அந்த இயந்திரத்துக்கு லியோன் நகரத்தில் ஒரு சமாதான நீதிபதி பலியானார். கலகம் செய்து தோற்ற ஊரின் பக்கம் நின்றது அவர் குற்றம். மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல், தன் புத்தக அறையைத் திறந்துவிட்டு வளர்த்த தகப்பன் அவர். பையனுக்கு அப்போது பதினெட்டு வயது. ஏறக்குறைய ஓராண்டு அவன் எதையும் படிக்கவில்லை, எதிலும் மனம் வைக்கவில்லை. பிறகு மெல்ல எழுந்தான், கணக்குக்குத் திரும்பினான், மின்னோட்டமும் காந்தமும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணித்தான். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு மின்னோட்டத்தின் அளவுக்கு அவன் பெயரை வைத்தது. ஆந்த்ரே-மரி ஆம்பியர்.

ஆக, மகன் பெயர் ஒரு சொல். தகப்பனைக் கொன்றதும் ஒரு சொல். இரண்டும் ஒரே அகராதியில் சில நூறு பக்கங்கள் தள்ளி இருக்கின்றன. ஒன்றையொன்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

குழாய் வேலை முடிந்து மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், பழைய சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார்.

"அஞ்சு ஆம்ப் போதுமா சார், பதினஞ்சு போட்டுடவா?"

கீசருக்கு என்றால் பதினைந்துதான் வேண்டும். போடுங்கள் என்றேன்.