வரைபடமும் ஆப்த வாக்கியமும்

ஒரு பொருளை நாம் எவ்வாறு அறிகிறோம், அறிந்தது மெய்தான் என்று எதைக்கொண்டு துணிகிறோம் என்னும் விசாரணையை நம் தேசத்து நையாயிகர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி, கண்ணாரக் காணும் பிரத்தியட்சம், கண்டதைக்கொண்டு காணாததை நிச்சயிக்கும் அனுமானம், ஒப்புமையால் உணரும் உபமானம், நம்பத் தகுந்தவரின் சொல்லாகிய சப்தம் என்று நான்கு பிரமாணங்களை வகுத்துவைத்தார்கள். அவற்றுள் நான்காவதைப் பற்றி அவர்கள் சொன்னது, இன்று கணினியும் கைப்பேசியும் கொண்டு ஊர்ப்படம் வரையும் தொண்டர்களுக்கு ஏற்பட்டிருக்கும் ஒரு சங்கடத்துக்கு வேறெந்த யோசனையையும்விட நேரான விடை தருகிறது என்பது என் அபிப்பிராயம்.

2004-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் முயற்சி, உலகத்தின் வரைபடத்தை எந்தச் சர்க்காருக்கும் எந்தக் கம்பெனிக்கும் தனியுடைமை ஆக்காமல், அவரவர் ஊரை அவரவரே வரைந்து யாவரும் எடுத்தாளும்படி பொதுவில் வைப்பதை நோக்கமாகக் கொண்டது. 2010-இல் ஹைத்தி நாட்டில் பூகம்பம் நேர்ந்தபோதும், 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், முகம் தெரியாத தொண்டர்கள் இரவும் பகலும் அமர்ந்து தெருக்களைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தர்மத்தை நாம் மனமாரப் போற்ற வேண்டும். ஆயினும் இந்தத் தொண்டில் ஈடுபட்டோர் யார் என்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், படித்தவர்கள், கணினிப் பழக்கமும் ஓய்வு நேரமும் வாய்த்தவர்கள் என்பதே. இதன் விளைவு படத்திலேயே தெரிந்தது. 2011-ஆம் வருஷம், குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் காப்பகத்துக்குத் தனிக் குறி வேண்டும் என்று வந்த யோசனை, தொண்டர்களுக்குள் நடந்த வாக்கெடுப்பில் தோற்றது. மதுச்சாலைக்கும் இரவு விடுதிக்கும் குறிகள் அதற்கு முன்பே இருந்தன. வாக்களித்தவர்களிடம் துர்எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் குழந்தையை எங்கே விடுவது என்று தவித்த அனுபவம் அந்தச் சபையில் போதிய அளவு இல்லை, அவ்வளவுதான். அக்குறி பின்னர் வழக்கத்துக்கு வந்துவிட்டது என்பது சந்தோஷமே.

ஆகவே பெண்களையும், உழைப்பாளிகளையும், ஒடுக்கப்பட்ட ஜாதியாரையும், மலைவாசிகளையும் இத்தொண்டுக்குள் அழைத்துவர வேண்டும் என்று பலர் இப்போது சிரத்தையோடு பேசுகிறார்கள். பேசுகிற தோரணையில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. நம்மிடம் உள்ள ஒரு நல்ல பொருளை இல்லாதவர்க்கும் பகிர்ந்தளிக்கும் காருண்யமாக அதை அவர்கள் எண்ணுகிறார்கள். காருண்யம் உயர்ந்த குணந்தான். ஆனால் இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதையே அது தலைகீழாக்கிவிடுகிறது.

நியாய சூத்திரத்துக்குச் சுமார் 5-ஆம் நூற்றாண்டில் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், ஆப்தன், அதாவது நம்பத் தகுந்தவன், யார் என்ற கேள்விக்குச் சொல்லும் லட்சணம் மிகச் சிக்கனமானது. பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறர்க்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். குலமோ, கல்வியோ, ஆசிரமமோ அதில் வரவில்லை. அதோடு நில்லாமல், இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் சமானமே என்று அவர் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார். வர்ணாசிரமத்தின் சுவர்கள் உயர்ந்து நின்ற காலத்தில், அறிவின் வாயிலில் மட்டும் எந்தக் காவலும் வேண்டாம் என்று ஒரு சாஸ்திரகாரர் எழுதியதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உள்ளம் நிறைகிறது. அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு, அதைக் கற்றவர்களே வாழ்க்கையில் அதன்படி நடக்கவில்லை என்பது நம் சரித்திரத்தின் பெருந்துக்கம்.

இந்த லட்சணத்தை நடைமுறையில் பார்க்க, நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். உதகைக்கு ஏறும் 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதையும், 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபின் அதைத் தேடி வருவோர் தங்கும் விடுதிகளும் எவர் வரைந்த படத்திலும் தவறாமல் இடம்பெறும். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, பெங்களூரிலோ பெர்லினிலோ அமர்ந்திருக்கும் ஒருவர் பவானி நதியின் வளைவுகளையும் கூரைகளின் சதுரங்களையும் பிசகில்லாமல் வரைந்துவிடலாம்; அது பிரத்தியட்சம். தெருவின் அகலத்தைப் பார்த்து இது லாரி போகும் வழி என்று அவர் குறிப்பது அனுமானம். ஆனால் நீலகிரியிலிருந்து உருளைக்கிழங்கு இறங்கும் மண்டிகளில் எந்தச் சந்துக்குள் எந்நேரம் வண்டி நுழைய முடியும், எங்கே திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே வர வேண்டும் என்பது மூட்டை சுமப்பவருக்குத் தெரியும். எந்தக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்தத் தெருவில் விளக்கு எரியாததால் பெண்கள் சுற்றுவழியில் போகிறார்கள் என்பது குடமும் பையும் தூக்கி நடப்பவளுக்குத் தெரியும். இவர்கள் வாய் திறவாதவரை படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாதி உண்மையே.

இதே ஊரில் நடூர் ஏ.டி. காலனியில், 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், பெருமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் தலித் மக்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு சுவர் மெல்லிய கோடு; அதன் உயரம் அதில் தெரியாது, அதன் நிழலில் படுத்திருப்பவரின் பயமும் தெரியாது. அந்தச் சுவரின் ஆபத்தைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அங்கே வாழ்ந்தவர்கள் அப்போதே சொன்னார்கள். வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டும் அவர்களிடம் இருந்தன: நேரில் அறிந்திருந்தார்கள், சொல்லவும் விரும்பினார்கள். கேட்பவர்களிடந்தான் குறை. ஒரு வரைபடம் அந்த உயிர்களைக் காத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது அந்தத் துயரத்தை மலிவாக்குவதாகும். யார் சொல் பிரமாணம், யார் சொல் வெறும் புலம்பல் என்று ஒரு சமூகம் பகுத்துவைத்திருக்கும் முறையே மரணத்துக்கு வழிவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்நியர் காலத்து நில அளவையிலும் இந்தப் பகுப்பு உண்டு. ஆங்கில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையும், காலின் மெக்கன்ஸி திரட்டிய சுவடிகளும் நம் தேசத்துக் கூலியாட்களின் தோளிலும் பண்டிதர்களின் உதவியிலும் நடந்தவை. நம் கொங்கு நாட்டைப் பற்றிய ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் சுவடியும் மெக்கன்ஸியின் தொகுப்பில் இருப்பதே. சொன்னவர்கள் ஒருசாரார், கையெழுத்திட்டவர் வேறொருவர். பொதுப்படம் என்று பெயர்பெற்ற ஒன்றில் அந்தப் பழைய ஏற்பாடு மீண்டும் நுழையலாகாது.

இனி இரண்டாவது லட்சணத்துக்கு, அதாவது சொல்லும் விருப்பத்துக்கு வருவோம். நேரில் அறிந்தவர்கள் எங்கும் நிறைந்திருக்கிறார்கள்; சொல்லும் விருப்பந்தான் அவர்களில் பலரிடம் அணைந்துபோயிருக்கிறது. அதை அணைத்தது பெரும்பாலும் முதல் நாள் அனுபவமே. புதிதாக வந்த ஒரு பெண் தன் தெருவில் ஒரு ரேஷன் கடையைத் தவறான குறியோடு சேர்த்தால், பழையவர் ஒருவர் காரணம்கூடச் சொல்லாமல் அதை அழித்துவிடுகிறார். அவள் மறுபடி வருவதில்லை. ‘யாவரும் வருக’ என்று எழுதி ஒட்டிவிட்டோமே என்று குழுவினர் சமாதானம் அடைகிறார்கள். கொங்கு நாட்டில் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலைபாக்கு வைத்து அழைக்கிறார்கள். அப்படி அழைக்காத வீட்டார் வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகளிர் சுயஉதவிக் குழு கூடும் இடத்துக்கு, அவர்கள் கூடும் நேரத்தில், தமிழில் பேசிக்கொண்டு போவதே அழைப்பு. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போன்ற செயலிகள், இந்தத் தெருவின் பெயர் என்ன, இங்கே விளக்கு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடையை மட்டும் வாங்கிக்கொள்வதால், கணினி அறியாதவரும் கைப்பேசியிலேயே தொடங்கலாம். நம் கிராமங்களில் பங்கேற்பு முறையில் ஆய்வு நடத்தியவர்கள் கோலப்பொடியைக் கையில் கொடுத்தபோது, பள்ளிக்கூடம் அறியாத பெண்கள் தங்கள் கிராமத்தையே தரையில் வீடுவீடாக வரைந்து காட்டியதும், கோலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அம்முறையின் அறிஞரான ராபர்ட் சேம்பர்ஸ் வற்புறுத்தியதும் இந்தத் துறையில் புதிய செய்திகள் அல்ல. 2009-இல் நைரோபியின் கிபேராக் குடிசைப்பகுதியை அங்கே வாழும் இளைஞர்களே வரைந்தார்கள்.

இப்படி எவரையும் சேர்த்தால் படத்தின் துல்லியம் கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆப்தனும் பிசகலாம், அவன் சொல்லையும் மற்றப் பிரமாணங்களோடு ஒத்துப்பார்ப்பதே முறை. ஆனால் அந்தப் பரீட்சை பத்து வருஷமாக வரைபவருக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டால் விவகாரம் தீர்ந்தது. பெயர் விஷயத்தில் இது முக்கியம். ‘காலனி’ என்ற சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் சர்க்கார் ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். படத்தில் அப்பெயர் கொண்ட தெருக்களுக்கு என்ன பெயர் எழுதுவது என்பதை அங்கே குடியிருப்பவர்களே சொல்ல வேண்டும், தூரத்திலிருக்கும் அனுபவசாலி அல்ல.

சொல்லும் விருப்பத்தை லட்சணமாக வைத்ததில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. என் மனத்தை அதிகம் வேலை வாங்கியது அதுவே. விருப்பம் என்று இருந்தால், விரும்பாமலிருக்கவும் உரிமை இருக்கிறது. காரமடைக்கு மேற்கே பில்லூர் அணையைச் சுற்றிய மலைகளில் வாழும் இருளர்களை இத்தொண்டுக்கு அழைப்போமானால், குலதெய்வம் உறையும் இடமும், தேனடை தொங்கும் பாறையும், கல்லாற்றுப் பக்கம் யானை இறங்கும் வழியும் அவர்கள் அறிந்தவையே. அவற்றை உலகம் முழுதும் பார்க்கும் படத்தில் ஏற்றினால் முதலில் வந்து நிற்பவன் பக்தனா, வேட்டைக்காரனா, விடுதி கட்ட மனை தேடுபவனா? 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ், கிராம சபை தேர்ந்த குழுவே தன் காட்டின் எல்லையை அடையாளங்களோடு குறித்து உரிமை கோர இடமிருக்கிறது. அங்கே எதை வரைவது, எதற்காக வரைவது என்ற நிர்ணயம் அவர்கள் கையில். பொதுப்படத்திலும் அவர்கள் அந்த ஸ்தானத்திலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பதிவு செய்வதே அறிவு என்ற எண்ணம் நம் காலத்து மயக்கம்; நம் முன்னோர் சிலவற்றை ரகசியமாக வைத்ததில் சுயநலமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. இருளரின் மௌனம் இரண்டாவது வகை. அதை மதிக்காத அழைப்பு, பழைய சர்வேக்காரன் வேறு சட்டை போட்டு வந்ததே ஆகும்.

கோயம்புத்தூரிலும் மேட்டுப்பாளையத்திலும் இந்தத் தொண்டைச் செய்யும், அல்லது செய்யக் கருதும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் அடுத்த கூட்டத்தைக் கல்லூரிக் கணினி அறையில் வைக்காதீர்கள். நடூரில், அங்கே வாழ்பவர்கள் சம்மதித்தால், அவர்கள் சொல்லும் நேரத்தில் வையுங்கள். எதைக் குறிக்க வேண்டும், எதைக் குறிக்கக் கூடாது என்று அவர்களைக் கேளுங்கள். சொன்னதை அவர்கள் கையாலேயே, அவர்கள் பெயரிலேயே ஏற்றச் செய்யுங்கள். பிசகு இருந்தால் அழிக்குமுன் போய்ப் பேசுங்கள்.