அரை அங்குல மிச்சம்

கிழக்கு லண்டனில் ஒரு நூலகத்தின் மாடியறை. வெள்ளிக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறோம். ஒரு நாள் நான் தைத்துக்கொண்டிருந்த சதுரம் மேசையில் படியவே இல்லை. நடுவில் மேடு, ஓரத்தில் அலை. பிரித்து அளந்து பார்த்தேன். ஒரு முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் மட்டும் அரை அங்குலம் கூடியிருந்தது. வெட்டும்போது சரியாகத்தான் இருந்தது. தைக்கும் அவசரத்தில் என் விரல்களே அதை இழுத்து நீட்டியிருக்கின்றன. மிச்சத்தை நறுக்கிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மாமி என் மணிக்கட்டில் கை வைத்தார்.

“வெட்டாதை பிள்ளை. வெட்டினால் பேந்து காணாது. அந்த மிச்சத்தை முழு நீளத்துக்கும் பிரிச்சுக் குடு.”

பிறகு அவரே செய்து காட்டினார். இரண்டு முனைகளையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். நடுவுக்கு நடுவாக ஒன்று. அந்தப் பாதியிலும் பாதியில் ஒன்று. ஒரே இடத்தில் துருத்திக்கொண்டிருந்த அரை அங்குலம் ஊசிக்கு ஊசி சிறுத்துக்கொண்டே போனது. தளர்ந்த துண்டு அடியில், தையல் இயந்திரத்தின் பற்களின்மேல் கிடந்தது. தைத்து முடித்து, தேய்ப்புப் பெட்டியை இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தபோது சதுரம் படிந்துவிட்டது. மிச்சம் எங்கே போனது என்று தேடினேன். தெரியவில்லை.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதே முதலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி. தறியில் பாவு நூல் இழுபட்டே நின்று பழகியது. அது எளிதில் கொடுக்காது. ஊடை சற்றே நெகிழும். இரண்டுக்கும் குறுக்கே, மூலைவாட்டமாக இழுத்தால்தான் துணி தாராளமாக நீள்கிறது. அப்போதும் நூல் நீள்வதில்லை. நூல்களுக்கு இடையிலான சின்னஞ்சிறு கட்டங்கள் சாய்ந்து கொடுக்கின்றன. துணி முழுதாக இருக்கும்வரை அந்தத் திசை உள்ளே ஒளிந்திருக்கிறது. கரை அதைக் காக்கிறது. முக்கோணமாக வெட்டிய கணத்தில் அது ஓரமாகி வெளியே வந்து, தொடுகிற ஒவ்வொரு கைக்கும் இணங்கத் தொடங்குகிறது.

துணி என்ற சொல்லுக்கே துண்டிக்கப்பட்டது என்பதுதான் வேர்ப்பொருள். துணிதல் என்றால் அறுபடுதல். துணிதல் என்றால் முடிவெடுத்தல். ஒரு முடிவை எடுக்கிறவன் எதையோ அறுத்துக்கொண்டுதான் எடுக்கிறான் என்று நம் மொழி முன்பே அறிந்து வைத்திருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே உறவும் தெருவும் கோயில் மணியும் கரையாக நின்று காத்த ஒரு மென்மை, இங்கே வந்த பிறகு ஓரமாகிவிட்டது. குளிரும் கடனும் இரவு வேலையும் இழுக்கும்போது நாம் நீண்டு போகிறோம். அதைப் பலவீனம் என்று எண்ணிக் கூசுகிறோம். ஆனால் ரவிக்கையின் கழுத்து வளைவுக்கு நம் தையல்காரர் எந்தத் துணியை எடுக்கிறார்? கிராஸ் பட்டியைத்தானே. நேராக வெட்டிய பட்டி வளைவில் முறைத்து நிற்கும். மூலைவாட்டமாக வெட்டியதே கழுத்தோடு ஒட்டி வளையும். நம்மைத் தளரச் செய்த அதே குணம்தான் நம்மை வளையவும் செய்கிறது. ஒன்றை வெறுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

ஊரிலிருந்து அறுபட்டுப் போனவர்கள் நமக்கு முன்பும் உண்டு. இதே லண்டனிலிருந்து, தேம்ஸ் நதியின் வூலிச் துறையிலிருந்து, 1841 ஏப்ரலில் ‘ராஜா’ என்ற கப்பல் புறப்பட்டது. அதில் நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள் 180 பேர். நியூகேட் சிறைப் பெண்களுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை தொடங்கிய பெண்கள் குழு, அவர்களுக்குத் துணித் துண்டுகளும் ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பியது. ஜூலையில் கப்பல் இன்றைய டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டை அடைந்தபோது, 2,815 துண்டுகள் சேர்ந்த ஒரு பெரும் போர்வை உருவாகியிருந்தது. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் காத்து வரும் அந்தப் போர்வை, 2010-இல் தெற்கு கென்சிங்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்கு வந்தது. தேர்ந்த கைகளின் தையலும் பழகாத கைகளின் தையலும் அதில் அருகருகே இருக்கின்றன. அதே கண்காட்சியில் தென்மேற்கு லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் சிறையிலிருந்த ஆண்கள் தைத்த போர்வையும் இடம்பெற்றது. சட்டம் வெட்டி எறிந்தவர்கள் என்று நாம் கருதும் மனிதரிடம் துண்டுகளைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்ன அந்தச் செயலில், தண்டனையைவிட ஆழமான ஒரு நம்பிக்கை இருக்கிறது: சேர்த்துப் பழகிய கை, தன்னையும் எங்கோ சேர்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்.

இங்கிலாந்தின் பழைய முறை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு துண்டையும் அதே வடிவில் வெட்டிய தாளின்மேல் மடித்து ஓட்டுத்தையல் போடுவார்கள். தாள் இருக்கும்வரை ஓரம் இழுபடாது. பழைய கடிதங்களும் கணக்குச் சீட்டுகளுமே அந்தத் தாள்களாயின; முடிக்காமல் விட்ட சில வேலைப்பாடுகளின் பின்பக்கத்தில் அவை இன்றும் இருக்கின்றன. தாளை எப்போது உருவலாம் என்பதில்தான் பாடம் இருக்கிறது. துண்டின் எல்லாப் பக்கங்களிலும் பக்கத்துத் துண்டு தைக்கப்பட்ட பிறகே உருவ வேண்டும். அண்டை அமைந்த பின்பு தாள் தேவையில்லை. அண்டை அமையாமல் தாளை உருவினால், நாம் கொடுத்த விடுதலையே அதற்கு இழுவையாகிவிடும். புதிதாக வந்தவனிடமும், துணையை இழந்தவளிடமும், சிறையிலிருந்து வெளியே வந்தவனிடமும், இனி உன் காலில் நீ நில் என்று நாம் எத்தனை விரைவில் சொல்லிவிடுகிறோம்!

அளவுக்கு மீறிய எதையும், அது துயரமாகட்டும், கோபமாகட்டும், பொறுப்பாகட்டும், நாம் இரண்டு வழிகளில்தான் கையாளப் பழகியிருக்கிறோம். ஒன்று, மிஞ்சியதை வெட்டி எறிவது. அப்படி வெட்டிய இடம் பின்னொரு நாள் போதாமல் போகும். மற்றொன்று, தளராத துண்டையும் தளர்ந்ததன் அளவுக்கு இழுப்பது. அப்போது இரண்டும் கெடும். மாமி காட்டியது மூன்றாவது வழி. மிச்சம் ஒரே இடத்தில் குவிந்தால் அது மடிப்பாகி எல்லார் கண்ணிலும் படும். நீளமெங்கும் பரவினால் அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. நோயுற்ற தாயின் பாரத்தை ஒரே மகள்மீது மடித்து வைத்துவிட்டு, அவள் முகத்தில் சுருக்கம் விழுந்ததென்று வியக்கிற குடும்பங்கள் நம்மிடையே குறைவா? பாரம் பெரிதென்பதால் மட்டும் அவள் கசங்கவில்லை. அதைப் பகிர வேண்டிய நீளம் முழுதும் விலகி நின்றதால் கசங்கினாள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஓரளவுக்கு மேல் நீண்டுவிட்ட துணி எத்தனை ஊசி குத்தினாலும் அடங்காது. தையலைப் பிரித்து மீண்டும் தொடங்குவதே அப்போது நேர்மை. சகிப்பு எல்லாவற்றையும் சமன்செய்துவிடும் என்று நம்புவது, பாரத்தை ஒருத்தியே சுமக்கட்டும் என்பதற்கு நாம் சொல்லும் நாகரிகமான சாக்காகவும் ஆகலாம்.

மிச்சம் எங்கே போனது என்று அன்று தேடினேன் அல்லவா? அது எங்கும் போகவில்லை. அந்த அரை அங்குலம் முழுதாக அந்தச் சதுரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நூலிழைகூடக் குறையவில்லை. தளர்ந்த துண்டு பழைய அளவுக்குத் திரும்பவும் இல்லை. அதன் கூடுதலை ஊசிக்கு ஊசி எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. வாழ்க்கை இழுத்து நீட்டிய எவரும் பழையபடி ஆவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களை நம் அளவுக்கு வெட்டாமலும் அவர்களுக்காக நம்மைக் கிழித்துக்கொள்ளாமலும், அவர்களிடம் மிஞ்சியிருப்பதில் ஆளுக்கொரு நூலிழை அளவை நம் விளிம்பில் ஏற்றுக்கொள்ளும் பொறுமைக்குத்தான், அறம் என்ற பெரிய சொல்லை நாம் இத்தனை காலமாகப் பயன்படுத்தி வருகிறோம் போலும்.